வெளியே மின்னவில்லை, கண்ணில் ஏன் மின்னுகிறது?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாட்கள் இடி இடிக்கிறது. அதனால் இரவில் கண்ணோரம் ஒரு வெளிச்சக் கீற்று வந்து போனால், இங்கே யாரும் முதலில் தம் கண்ணைச் சந்தேகிப்பதில்லை. துணி காயும் கழிகளை உள்ளே இழுக்கத்தான் எழுந்து போகிறார்கள்.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக், பதினோராம் மாடி. படுக்கையறை விளக்கை அணைத்துவிட்டுத் தலையணைப் பக்கம் திரும்புகிறார். இடக்கண்ணின் காதோரத்தில் வில்லாக வளைந்த ஒரு வெளிச்சம் பளிச்சிட்டு மறைகிறது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. மழை வரப்போகிறது என்று ஜன்னலுக்குப் போகிறார். வானத்தில் மேகமே இல்லை. திரும்பி வந்து படுக்கிறார். கண்ணைத் திருப்பியதும் அதே இடத்தில் அதே வில். இருட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்க்கிறார். மூடிய கண்ணுக்குள்ளும் மின்னுகிறது.

இருட்டறையில், மூடிய இமைக்குள் தெரியும் வெளிச்சம் வெளியிலிருந்து வந்திருக்க முடியாது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் ஒன்றல்ல, பல. அவற்றில் பெரும்பாலானவை அஞ்ச வேண்டாதவை. ஒன்றிரண்டு மட்டும், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. எது எது என்று பிரித்தறிய, பார்வை எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நரம்புக்குத் தெரிந்தது ஒரே செய்தி

கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நரம்புப் படலம் விழித்திரை. அதன் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். அதில் உள்ள குச்சிச் செல்களும் கூம்புச் செல்களும் ஒளியை மின்துடிப்பாக மாற்றுகின்றன. அந்தத் துடிப்பு பார்வை நரம்பு வழியாகப் பிடரிக்கு மேலே, மூளையின் பின்பக்கத்தில் இருக்கும் பார்வைப் புறணிக்குப் போய்ச் சேருகிறது. புறணி வெளியுலகத்தை நேரில் பார்ப்பதில்லை. துடிப்பு வந்தால் வெளிச்சம் என்று முடிவு கட்டுகிறது. துடிப்பை எழுப்பியது ஒளியா, விரலா, எங்கோ இழுபட்ட ஓர் இழையா என்று விசாரிக்க அதற்கு வழியில்லை.

வீட்டு அழைப்பு மணியும் இப்படித்தான். விருந்தாளி அழுத்தினாலும், பக்கத்து வீட்டுப் பையன் விளையாட்டுக்கு அழுத்திவிட்டு ஓடினாலும், மழைநீர் இறங்கிக் கம்பிகள் ஒட்டிக்கொண்டாலும் உள்ளே இருப்பவருக்குக் கேட்பது அதே மணிதான்.

ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதை ஒரு விதியாகவே வகுத்தார். ஓர் உணர்வு நரம்பை எது தூண்டினாலும் அந்த நரம்புக்கு உரிய உணர்வே எழும் என்பது அந்த விதி. செவி நரம்பைத் தூண்டினால் ஒலி, பார்வை நரம்பைத் தூண்டினால் ஒளி.

ஒளி இல்லாமல் எழும் இந்த வெளிச்சத்துக்கு மருத்துவத்தில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. அழுத்தினாலோ மின்சாரத்தால் தூண்டினாலோ யாருக்கும் தோன்றக்கூடியதைப் பாஸ்பீன் என்கிறார்கள். நோயாளி வந்து முறையிடும் பளிச்சிடலை ஃபோட்டோப்சியா என்று குறித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கறாரான எல்லைக்கோடு கிடையாது.

இந்த வெளிச்சம் மனிதனுக்கு நெடுங்காலமாகவே புதிராக இருந்திருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்க்மையோன் என்ற கிரேக்கர், அடி விழுந்தால் பொறி பறக்கிறது என்பதால் கண்ணுக்குள் நெருப்பு இருக்கிறது என்று முடிவு செய்தார். ஐசக் நியூட்டன் 1660களில், இருபது வயதுகளில் இருந்தபோது, மழுங்கிய பெரிய ஊசி ஒன்றைத் தன் கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே செருகிக் கண்ணின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். வெள்ளையும் கறுப்பும் வண்ணமுமாக வட்டங்கள் தெரிந்தன என்று படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். பார்வையோடு பிழைத்தது அவர் அதிர்ஷ்டம்.

முல்லர் காலத்தில் ஒரு வழக்குகூட வந்தது. இரவில் தாக்கப்பட்ட ஒருவர், கண்ணில் விழுந்த அடியால் எழுந்த வெளிச்சத்தில் தாக்கியவனின் முகத்தைக் கண்டுகொண்டதாகச் சொன்னார். முல்லர் இதை மறுத்தார். அந்த வெளிச்சம் நரம்புக்குள் எழுவது. எதிரே நிற்பவன் முகத்தில் அது விழுவதே இல்லை.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். இருட்டில் கண்ணை மூடி, விழியை மூக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு, காதோரத்தில் இமையின் மேல் விரல் நுனியால் மிக மெல்லத் தொட்டால் மங்கலான ஒரு வளையம் தெரியும். ஆனால் தொட்ட பக்கத்தில் தெரியாது. எதிர்ப்பக்கத்தில், மூக்கோரத்தில் தெரியும். விழித்திரையில் உருவம் எப்போதும் தலைகீழாகவும் இடவல மாற்றத்தோடும் விழுவதால், காதோரத் திரையிலிருந்து வரும் துடிப்பை மூக்குப் பக்கத்துக் காட்சியாகவே வாசிக்க மூளை பழகியிருக்கிறது. கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அதிகப் பவர் உள்ளவர்களும் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

பொறியா, பூச்சியா, மின்னலா?

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. "கண்ணில் பூச்சி பறக்கிறது" என்கிறோம். பசி மயக்கத்தில் கண் இருட்டி வருவதும் அதுதான். வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது கறுப்புப் புள்ளிகள் நீந்துவதும் அதுதான். ஓரத்தில் வெளிச்சம் பளிச்சிட்டால் அதையும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். தமிழ் மட்டும் பேசும் பாட்டி இப்படிச் சொல்ல, கூட வந்த பேரன் அதை மருத்துவரிடம் தலைசுற்றல் என்று மொழிபெயர்த்துவிட்டால், பரிசோதனை ரத்த அழுத்தத்தோடு முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் மூன்று சொற்களையும் மூன்று பொருளில் பயன்படுத்துகிறேன். மருத்துவரிடம் பேசும்போதும் இப்படிப் பிரித்துச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

1. பொறி: சிதறித் தெரியும் ஒளிப்புள்ளிகள்.
2. பூச்சி: கறுப்பாக அல்லது சாம்பல் நிறமாக, கண் போகும் இடமெல்லாம் கூடவே மிதக்கும் புள்ளி, நூல், சிலந்தி வலை. இது ஒளியல்ல, நிழல்.
3. மின்னல்: ஓரத்தில் வில்லாகவோ கீற்றாகவோ பளிச்சிட்டு மறையும் வெளிச்சம்.

ஈசூன் பெண்மணி கண்டது மூன்றாவது.

கடல்பாசி நீர் விடுவது போல

விழியின் உட்கூட்டை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்ற தெளிந்த கூழ். ஏறத்தாழ 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அதில் 98 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். மிச்சத்தில் கூழுக்கு உருக்கொடுப்பவை கொலாஜன் என்ற மெல்லிய புரத இழைகளும், அவற்றுக்கு நடுவே நீரைப் பிடித்து வைக்கும் ஹயலுரானிக் அமிலமும்.

நோன்பு மாதத்தில் செய்யும் கடல்பாசியை, இங்கே பலரும் அகர் அகர் என்று சொல்வதை, டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் நாலைந்து நாள் மறந்துவிட்டுத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெட்டிய துண்டு கொஞ்சம் சுருங்கியிருக்கும். டப்பாவின் அடியில் நீர் தேங்கியிருக்கும். சுவரோடு ஒட்டியிருந்த ஓரம் விலகி, நடுவே ஓர் இடைவெளி விழுந்திருக்கும். கூழாக இருந்தது தன் நீரைத் தானே பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது. விட்ரியஸுக்கும் வயது ஏற ஏற நடப்பது இதுதான். உள்ளே ஆங்காங்கே நீர்க்குட்டைகள் உருவாகின்றன. இழைகள் ஒன்றோடொன்று சுருண்டு கட்டியாகின்றன. அந்தக் கட்டிகளின் நிழல்தான் பூச்சியாகத் தெரிகிறது.

ஒரு கட்டத்தில் கூழின் பின்பக்கத் தோல் விழித்திரையிலிருந்து உரிந்து முன்னோக்கிச் சரிகிறது. பின்புற விட்ரியஸ் விலகல் என்று இதைச் சொல்வார்கள். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் நடக்கும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இன்னும் முன்னதாகவே நடந்துவிடலாம். இது நோயல்ல, நரை விழுவதைப் போன்றது.

கூழ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டியிருந்தால் சத்தமில்லாமல் உரிந்துவிடும். ஆனால் ரத்தக் குழாய்களின் மேலும், பார்வை நரம்பு புறப்படும் வட்டத்தைச் சுற்றியும், விழித்திரையின் முன் விளிம்பிலும் பிடிப்பு அதிகம். அங்கெல்லாம் கூழ் விடாமல் இழுக்கிறது. இழுபடும் இடத்துச் செல்கள் துடிப்பை அனுப்புகின்றன. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. தோலை இழுத்தால் வலிக்கும், விழித்திரையை இழுத்தால் மின்னும். அதனிடமிருந்து வரக்கூடிய முறையீடு வெளிச்சம் ஒன்றுதான்.

அந்தப் பெண்மணி பார்த்த மின்னலின் ஒவ்வொரு குணத்துக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. விழி திரும்பும்போது உள்ளே இருக்கும் கூழ் ஒரு கணம் பிந்தித்தான் திரும்புகிறது. பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்வது போல. அந்தப் பிந்தலில்தான் இழுப்பு நடக்கிறது. ஆகவே கண்ணைத் திருப்பும்போதெல்லாம் மின்னுகிறது, அசையாமல் பார்த்தால் நின்றுவிடுகிறது. இழுப்பு பெரும்பாலும் விளிம்பில் என்பதால் மின்னலும் பார்வையின் ஓரத்தில், விளிம்பின் வளைவை ஒட்டி வில்லாகத் தெரிகிறது. வெளிச்சம் மங்கலானது, எனவே பகலில் வேறு வெளிச்சத்தில் அமுங்கிப்போய், விளக்கை அணைத்ததும் துலங்குகிறது. ஃபாஸ்டர் மூர் என்ற பிரிட்டிஷ் கண் மருத்துவர் 1935இல் இதை விவரித்து எழுதினார். இன்றும் இதற்கு மூர் மின்னல் கீற்று என்று பெயர்.

கிழிசல் விழுந்தால்

பெரும்பாலோருக்கு விஷயம் இத்தோடு முடிகிறது. கூழ் முழுதாக உரிந்த பிறகு இழுக்க எதுவும் இல்லை. ஆனால் புதிதாக மின்னலோ பூச்சியோ தோன்றி மருத்துவரிடம் போகிறவர்களில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு, இழுத்த இடத்தில் விழித்திரை கிழிந்திருப்பது தெரியவருகிறது. சுவரில் ஒட்டிய சுவரொட்டியை உரிக்கும்போது சில இடங்களில் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வருவதில்லையா, அது போல.

அதன் பிறகு நடப்பது இது:

1. கிழிசல் வழியே, நீர்த்துப்போன விட்ரியஸ் விழித்திரைக்குப் பின்னால் கசிகிறது.
2. கசிந்த நீர் விழித்திரையைச் சுவரிலிருந்து தள்ளிப் பெயர்க்கிறது. இதுவே விழித்திரை விலகல்.
3. பெயர்ந்த பகுதிக்குப் பின்சுவரின் ரத்தக் குழாய்ப் படலத்திலிருந்து வரும் பிராணவாயுவும் ஊட்டமும் நின்றுபோகின்றன. ஒளியை உணரும் செல்கள் சாகத் தொடங்குகின்றன.
4. பெயர்ந்த இடம் பார்வையில் இருட்டாக, ஓரத்திலிருந்து இழுக்கப்படும் திரைச்சீலை போலத் தெரிகிறது. கீழ்ப்பாதி பெயர்ந்தால் இருட்டு மேலே, மேல்பாதி பெயர்ந்தால் கீழே.
5. பெயர்ச்சி நடுப்பார்வைக்கு உரிய மாக்குலாவை எட்டிவிட்டால், அறுவை சிகிச்சை வெற்றி பெற்றாலும் பழைய கூர்மை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

முதல் படியிலேயே பிடித்துவிட்டால் வேலை சுலபம். கிழிசலைச் சுற்றி லேசர் கதிரால் புள்ளி புள்ளியாகச் சுட்டு, தழும்பால் ஒட்டவைக்கிறார்கள். வெளிநோயாளியாகவே வந்து முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தழும்பு இறுகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். நான்காம் படிக்குப் போய்விட்டால் அறுவைக் கூடம்தான். விட்ரியஸை அகற்றி, பெயர்ந்த திரையை அழுத்திப் பிடிக்க வாயுக் குமிழியை உள்ளே நிரப்புவது ஒரு முறை. அந்தக் குமிழி கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது, உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். தீபாவளிக்குத் திருச்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் அதை ரத்து செய்ய நேரிடும்.

இந்த ஐந்து படிகளிலும் எங்கேயும் வலி இல்லை என்பதுதான் ஏமாற்றுகிறது. பல் வலித்தால் விடிவதற்குள் மருத்துவரைத் தேடுகிற நாம், கண் மின்னுவதை வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூரில் இதற்கு ஏன் கூடுதல் கவனம்

காரணம் கிட்டப்பார்வை. இங்கே இளம் வயதினரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் இது ஒன்று. அரசாங்கம் 2001இலேயே தேசியக் கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் இதனால்தான்.

கிட்டப்பார்வை உள்ள விழி நீண்ட விழி. இயல்பான விழியின் நீளம் முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர். "அறுநூறு டிகிரி" பவர் (மைனஸ் 6 டயாப்டர்) என்று இங்கே சாதாரணமாகச் சொல்கிறார்களே, அந்த நிலையில் விழி இரண்டு மில்லிமீட்டருக்கும் கூடுதலாக நீண்டிருக்கும். விழி நீண்டதே தவிர விழித்திரை கூடுதலாக வளரவில்லை. உள்ளது இழுபட்டு மெலிந்திருக்கிறது. விட்ரியஸும் முன்னதாகவே நீர்க்கிறது. பவர் 300 டிகிரியைத் தாண்டியவர்களுக்கு விழித்திரை விலகும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

லேசிக் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றியவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். அந்தச் சிகிச்சை கருவிழியின் முன்பரப்பைத்தான் செதுக்குகிறது. பின்னால் இருக்கும் நீண்ட விழி அப்படியே இருக்கிறது. படிவத்தில் "கண்ணாடி அணிவதில்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் பழைய பவரைச் சொல்லாமல் விடுகிறவர்கள் மருத்துவரைத் தவறான வழியில் அனுப்புகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் விழித்திரை விலகல் பற்றி 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 100,000 பேருக்கு ஆண்டுதோறும் சீனரிடையே சுமார் 12, மலாய்க்காரரிடையே 7, இந்தியரிடையே 4 என்ற அளவில் இது ஏற்பட்டது. நமக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்று நிம்மதியடையத் தோன்றும். ஆனால் இந்தச் சராசரி உங்கள் கண்ணாடியின் பவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தவிர, சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு அதிகம். நீரிழிவு முற்றியவர்களின் விழித்திரையில் புதிதாக முளைக்கும் பலவீனமான ரத்தக் குழாய்களைச் சுருங்கும் கூழ் இழுத்தால், அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். புகைமண்டலம் போல, அல்லது சிவப்பும் கறுப்புமான பூச்சிக் கூட்டம் போல அது தெரியும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுதோறும் விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்வது இதற்காகத்தான்.

கண்புரை அறுவை சிகிச்சையும் விட்ரியஸ் விலகலை முன்னுக்கு இழுத்துவிடலாம். அதோடு, பொருத்திய செயற்கை லென்ஸின் விளிம்பில் விளக்கொளி பட்டுத் தெறித்து ஒரு பிறை வடிவ வெளிச்சம் சிலருக்குத் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லென்ஸ் விளிம்பின் பிறை விளக்கு இருக்கும்போது மட்டும் தெரியும். கூழ் இழுக்கும் மின்னலுக்கு விளக்கே வேண்டாம்.

மூளையிலிருந்து எழும் கோட்டை மதில்

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குள் நடப்பது. கண்ணுக்குத் தொடர்பே இல்லாமல் பார்வைப் புறணியிலேயே எழும் வெளிச்சமும் உண்டு. அதில் மிகப் பரவலானது ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வருவது.

அது வரும் விதமே வேறு. கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லின் நடு எழுத்து காணாமல் போகிறது. அந்த வெற்றிடத்தின் விளிம்பில் மினுமினுப்பு தொடங்குகிறது. மெல்ல மெல்லப் பிறையாக விரிகிறது. பிறையின் வெளி விளிம்பு நேராக இல்லாமல், மேலிருந்து பார்க்கும் பழைய கோட்டை மதிலின் வரைபடம் போல முக்கு முக்காக, கோணம் கோணமாக மின்னுகிறது. இருபது முப்பது நிமிடத்தில் பார்வையின் ஓரத்தைத் தாண்டி மறைகிறது. பிறகு தலைவலி வரலாம். வராமலும் போகலாம்.

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க மூளை ஆய்வாளர் தனக்கு வந்த இந்த மினுமினுப்பை, வந்துகொண்டிருக்கும்போதே தாளில் வரைந்து நேரத்தையும் குறித்தார். காட்சியில் அது நகரும் வேகத்தைப் புறணியின் பரப்போடு ஒப்பிட்டு, மூளையில் ஏதோ ஓர் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று 1941இல் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லியாவ் முயலின் மூளையில் ஏறத்தாழ அதே மெதுவான வேகத்தில் ஊரும் மின் அலையைப் பதிவு செய்தார். அலையின் முன்னணியில் நரம்புகள் ஒரே நேரத்தில் துடிக்கின்றன, அதுதான் மினுமினுப்பு. அலை கடந்துபோன பிறகு அவை சற்று நேரம் அடங்கிக் கிடக்கின்றன, அதுதான் வெற்றிடம்.

மினுமினுப்பு நடுவில் நத்தையாக நகர்ந்து ஓரத்தை நெருங்க நெருங்க வேகமெடுப்பதற்கும் விளக்கம் எளிது. அலையின் வேகம் மாறுவதில்லை. ஆனால் நடுப்பார்வைக்குப் புறணியில் ஒதுக்கப்பட்டிருக்கும் நிலம் மிகப் பெரியது, ஓரப்பார்வைக்குக் கொஞ்சம்தான்.

இந்த வெளிச்சம் இரண்டு கண்ணிலும் ஒரே பாதியில் தெரியும். வலப்பக்கப் புறணி இரு கண்களின் இடப்பக்கக் காட்சியையும் கையாளுகிறது என்பதால், எந்தக் கண்ணை மூடினாலும் மறையாது. பலர் இதை ஒரு கண்ணில் மட்டும் வந்ததாகச் சொல்வார்கள். மூடிப் பார்க்காததால் வரும் மயக்கம் அது. ஐம்பதைக் கடந்த பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக இப்படி வந்தால், தலைவலிக்கு முன்னோட்டம் என்று தாமே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுவது சரி. வண்ண வட்டங்கள் சில நொடிகள் தோன்றி, அடிக்கடி ஒரே மாதிரி திரும்ப வந்தால் அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கக்கூடும்.

அஞ்ச வேண்டாத சில

குத்தவைத்திருந்து சட்டென்று எழுந்தால் பொறி பறப்பது, கண்ணுக்கும் மூளைக்கும் ரத்தம் ஒரு கணம் குறைவதால். உட்கார்ந்தால் போய்விடும், அடிக்கடி வந்தால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பிடரியில் அடி பட்டால் பறக்கும் பொறி, புறணியே குலுங்குவதால். அதில் பொறியைவிட அடியைத்தான் கவனிக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மல்லாந்து படுத்து நீல வானத்தைப் பார்த்தால், சிறு ஒளிப்புள்ளிகள் குடுகுடுவென்று ஓடி மறைவது பெரும்பாலோருக்குத் தெரியும். இது கோளாறே அல்ல. விழித்திரையின் நுண்குழாய்களில் வெள்ளை அணுக்கள் ஓடுவது அது. சிவப்பணுக்கள் நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன, வெள்ளை அணு வரும் இடத்தில் ஒளி ஊடுருவிப் போகிறது. நாடித் துடிப்போடு அவை வேகம் கூடிக் குறைவதைக் கவனித்தால் தெரியும்.

1969இல் அப்பல்லோ 11 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின், இருட்டில் கண்ணை மூடியிருக்கும்போதும் பளிச்சிடல்கள் தெரிந்ததாகச் சொன்னார். பின்னர் போனவர்களும் அதையே சொன்னார்கள். சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒன்று. விண்வெளியின் காஸ்மிக் கதிர்த்துகள்கள் விழித்திரையைத் துளைத்துக்கொண்டு போவதால் எழுந்தவை அவை. ஈசூனில் அந்தக் காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

தொலைபேசியை எடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டியவை

1. ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். பூச்சியோ நிழலோ ஒரு கண்ணை மூடினால் மறைகிறது என்றால் கோளாறு அந்தக் கண்ணில். இழுப்பால் வரும் மின்னல் மூடிய கண்ணுக்குள்ளும் தெரியும், ஆகவே மறையவில்லை என்பதை மட்டும் வைத்து மூளையில் என்று முடிவு கட்டாமல் அடுத்த கேள்வியையும் சேர்த்துப் பாருங்கள்.
2. எவ்வளவு நேரம்? ஒரு நொடிக்குள் வந்து போனால் இழுப்பு. நிமிடக்கணக்கில் வளர்ந்து நகர்ந்தால் ஒற்றைத் தலைவலியின் அலை.
3. புதிதா? மின்னலோடு பூச்சிகளும் திடீரென்று பெருகினவா? மிளகுத்தூள் தூவியது போலத் தெரிகிறதா? அப்படியானால் ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.
4. ஓரத்தில் நிழலோ திரையோ தெரிகிறதா? அப்படியானால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது என்பதில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் நிபுணரை உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்கலாம் என்பதால், அடுத்த தேதி எதுவோ அதற்குக் காத்திருப்பது நம் பழக்கம். கண்புரைக்கு அது சரி. புதிய மின்னலுக்குச் சரிவராது. மருந்தகத்தில் "புதிதாக மின்னுகிறது, இத்தனை நாளாக, இந்தக் கண்ணில்" என்று சொன்னால் அவசரப் பரிந்துரையே தருவார்கள். இரவாக இருந்தால், அல்லது திரை தெரிந்தால், பொது மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு நேராகப் போகலாம். கடைத்தொகுதியில் உள்ள கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு உதவாது. கிழிசல் விழுவது விழித்திரையின் விளிம்பில், அதைப் பார்க்கக் கருமணியை மருந்துச் சொட்டால் விரிக்க வேண்டும்.

அந்தச் சொட்டு வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். பிறகு மருத்துவர் நெற்றி விளக்கும் கை லென்ஸுமாக, மேலே, கீழே, காதைப் பாருங்கள், மூக்கைப் பாருங்கள் என்று சொல்லி விளிம்பு முழுவதையும் சுற்றிப் பார்ப்பார். சில இடங்களில் இமைமேல் சிறு கருவியால் அழுத்துவார், அது கொஞ்சம் தொந்தரவாக இருக்கும். சொட்டின் வேலை நாலைந்து மணி நேரம் நிற்கும். வெயில் கூசும், கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்கலாகத் தெரியும். வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, கூட ஒருவரை அழைத்துப் போவது உத்தமம்.

கிழிசல் இல்லை என்று சொல்லி அனுப்பினாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் மீண்டும் வரச் சொல்வார்கள். சிலருக்குக் கூழ் முழுதாக உரிய அவ்வளவு நாள் பிடிக்கிறது, கடைசி இழுப்பில் கிழிவதும் உண்டு. அதற்குள் பூச்சி கூடினாலோ நிழல் விழுந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

அந்தப் பெண்மணிக்குக் கிழிசல் இல்லை என்றே வைத்துக்கொண்டால், மின்னல் சில வாரங்களிலோ மாதங்களிலோ அரிதாகி நின்றுபோகும். பார்வை நரம்பு வட்டத்தைச் சுற்றி ஒட்டியிருந்த கூழின் வளையம் மட்டும், வளையமாகவே உரிந்து, ஒரு பெரிய பூச்சியாக மிதந்துகொண்டிருக்கும். வெள்ளைச் சுவரையோ வெளிர் வானத்தையோ பார்க்கும்போது குறுக்கே வரும். அடுத்த சில ஆண்டுகளுக்குள் வலக்கண்ணிலும் இதே கதை நடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அப்போதும் அதைப் பார்க்க ஒருவர் வேண்டும்.